பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு: விலைக்கேற்ற வேகம் கிடைக்குமா?

எஸ்பிஎம் முடித்துப் பாலிடெக்னிக், மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகம் என்று அடுத்த படிக்குப் போகும் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் போதுமா? போதும் என்றால் எந்தக் கார்டு?

பண்டார் பாரு, செர்டாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல. 2025 மே மாதம் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 5060, அந்நிறுவனத்தின் மலிவு வரிசையில் வரும் கார்டு. அதன் அறிவிப்பு விலை 299 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 1,280 வெள்ளி. வரியும் கடைக்காரரின் லாபமும் இதில் சேரவில்லை. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதாவது, 'மலிவு' கார்டு ஒன்றின் விலை ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு. தவறான கார்டை வாங்கிவிட்டால் அந்த வீட்டில் இன்னொரு முறை வாங்கித் தரமாட்டார்கள்.

எனவே மாணவர்கள் யூடியூப்பில் ஒப்பீட்டுக் காணொளிகளைப் பார்க்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்று பலர் யோசிப்பதில்லை. ஒரு கார்டைச் சோதிக்கும் விமர்சகர், சந்தையில் கிடைக்கும் மிக வேகமான பிராசசரோடு அதைப் பொருத்துகிறார். ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற விலையுயர்ந்த பிராசசர், புதிய மதர்போர்டு, தாராளமான ரேம். கார்டைத் தவிர வேறு எதுவும் வேகத்தைத் தடுக்கக்கூடாது என்பதே நோக்கம். கார்டுகளை மட்டும் ஒப்பிடுவதற்கு அது சரியான முறை. ஆனால் பயன்படுத்திய அலுவலகக் கணினி ஒன்றைச் சில நூறு வெள்ளிக்கு வாங்கி வீட்டில் வைத்திருக்கும் மாணவருக்கு அந்தப் பட்டியலின் வரிசை அப்படியே பொருந்தாது. சில வேளைகளில் தலைகீழாக மாறிவிடும்.

இதற்கு நல்ல பாடம் 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. விலை 199 டாலர். கிரிப்டோ சுரங்க மோகத்தால் கார்டுகள் கிடைக்காமல் தவித்த காலம் அது. இருநூறு டாலருக்குள் புதிய கார்டு என்றதும் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தக் கார்டு மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கு தடங்கள் மட்டுமே வைத்திருந்தது. தடம் என்றால் சாலையில் உள்ள வழித்தடம் போலத்தான். புதிய மதர்போர்டில் உள்ள நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் நான்கு தடங்கள் வழியே நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிகாபைட் தரவு போகும். பழைய மதர்போர்டின் மூன்றாம் தலைமுறை இணைப்பில் அதில் பாதிதான். கார்டிலோ நினைவகம் 4 ஜிகாபைட் மட்டுமே. கேமின் படங்கள் அதற்குள் அடங்காமல் வழியும்போது, வழிந்தவற்றைக் கணினியின் ரேமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியாகவே கொண்டுவர வேண்டும். நெடுஞ்சாலையில் வந்த லாரிகளையெல்லாம் தோட்டத்துச் செம்மண் பாதையில் திருப்பிவிட்ட கதைதான். பழைய கணினிகளில் அந்தக் கார்டைப் போட்டுச் சோதித்தபோது, 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580 பல கேம்களில் அதை முந்தியது. யாருக்கு மலிவு கார்டு தேவையோ, அவருடைய பழைய கணினியில்தான் அது மோசமாக ஓடியது. பண்டார் பாருவில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இது ஒரு கேலிக்கூத்து.

இன்டெல்லின் ஆர்க் பி580 இன்னும் சுவையான கதை. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தது. 12 ஜிகாபைட் நினைவகம். 299 டாலருக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060இல் 8 ஜிகாபைட்தான். விமர்சனங்களில் பி580 பெரும்பாலும் 4060க்குச் சமமாகவும் பல இடங்களில் மேலாகவும் வந்தது. நீண்ட காலத்துக்குப் பிறகு மலிவு வரிசையில் ஒரு நல்ல கார்டு என்று எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2025 ஜனவரியில் சிலர் அதை ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசர்களோடு பொருத்திப் பார்த்தார்கள். வேகம் கடுமையாகச் சரிந்தது. இன்றும் பலர் நல்ல பிராசசர் என்று வைத்திருக்கும் ரைசன் 5 5600இல்கூட, பிராசசருக்கு அதிக வேலை கொடுக்கும் கேம்களில் 4060இடம் அது தோற்றது. இன்டெல்லின் டிரைவர் மென்பொருள் பிராசசரிடம் கூடுதல் உழைப்பு கேட்பதே காரணம். பின்னாளில் வந்த டிரைவர்கள் சில கேம்களில் நிலைமையைச் சீராக்கின. ஆனாலும் இன்டெல் தானே சொல்லும் நிபந்தனை ஒன்று இருக்கிறது: ரீசைசபிள் பார் என்னும் வசதி உள்ள கணினி வேண்டும், அதாவது இன்டெல் 10ஆம் தலைமுறை, ரைசன் 3000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தியவை. நான்காம், ஆறாம் தலைமுறைப் பிராசசர் உள்ள அலுவலகக் கணினிக்கு இந்தக் கார்டு ஆகாது.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. அலுவலகத்துக்கென்று செய்த சின்னக் கணினிகளில் பவர் சப்ளை பெரும்பாலும் 300 வாட்டுக்கும் குறைவு. கார்டுக்கென்று தனி மின் இணைப்பும் இருக்காது. மதர்போர்டில் கார்டு செருகும் இடம் தரும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட் தேவை, 5060க்கு 145, பி580க்கு 190. இவற்றில் ஒன்றுகூட அந்தக் கணினியில் ஓடாது. தனி இணைப்பு கேட்காத கார்டுகள் மிகக் குறைவு: 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இன் பெரும்பாலான வகைகள், ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400, 2024 பிப்ரவரியில் வந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிகாபைட் வகை. இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் வேகமானது. பட்டியல்களில் கடைசி வரிசையில் கிடக்கும் அந்தக் கார்டு, இப்படிப்பட்ட கணினியில் முதல் இடத்துக்கு வந்துவிடும். பெட்டி ஒல்லியானதாக இருந்தால் உயரம் குறைந்த வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். அளவு பார்க்காமல் வாங்கி மூடியைச் சாத்த முடியாமல் நிற்பவர்கள் உண்டு.

பெயர் ஒன்று, பொருள் வேறு

மேலே சொன்ன 3050இலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2022இல் வந்த 3050இல் 8 ஜிகாபைட் நினைவகமும் 2,560 கணிப்பு மையங்களும் இருந்தன. 2024இல் வந்ததில் 6 ஜிகாபைட், 2,304 மையங்கள். நினைவகப் பாதையும் குறுகியது. ஆனால் இரண்டுக்கும் பெயர் 3050தான். நினைவகம் மட்டும் குறைந்திருக்கிறது என்று நினைப்பவர் கார்டின் வேகமும் குறைந்திருப்பதை அறியமாட்டார். இது முதல் முறையும் அல்ல. 2018இல் ஜிடி 1030 கார்டின் நினைவக வகையை மாற்றி அதே பெயரில் விற்றார்கள். நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிகாபைட்டிலிருந்து ஏறக்குறைய 17க்கு இறங்கியது. கேம்களில் வேகம் ஏறத்தாழப் பாதியானது.

ஷாப்பி, லசாடா போன்ற தளங்களில் மிக மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580 கார்டுகளையும் இப்படியே பார்க்க வேண்டும். அவற்றில் பல, சீனச் சந்தைக்காக 2018இல் வந்த '2048எஸ்பி' வகை. உண்மையான 580இல் 2,304 மையங்கள். இந்த வகையில் பெயரே சொல்வதுபோல் 2,048. அது உண்மையில் ஆர்எக்ஸ் 570க்கு இணையானது. விற்பனையாளர் அந்த நான்கு எண்களைத் தலைப்பில் போடாமல் விட்டுவிட்டால் வாங்குபவருக்குத் தெரியாது.

அடுத்து நினைவக அளவு. 2025இன் பெரிய விவாதமே இதுதான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஏப்ரலில் இரண்டு வகையாக வந்தது: 8 ஜிகாபைட் 379 டாலர், 16 ஜிகாபைட் 429 டாலர். சில்லு ஒன்றே. ஆனால் புதிய கேம்களைப் படத் தரம் கூட்டி ஓட்டினால் 8 ஜிகாபைட் வகை திக்கித் திணறுகிறது. பழைய மதர்போர்டில் இன்னும் மோசம். ஜூனில் ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டை அதேபோல் 8, 16 என்று 299, 349 டாலருக்குக் கொண்டு வந்தது. இவ்வளவு செலவழிக்கும் நிலையில் உள்ளவர் அந்த 50 டாலரைக் கூடுதலாகப் போடலாம் என்பதே என் கருத்து. வேலோரண்ட், டோட்டா 2, கவுண்டர் ஸ்டிரைக் 2 மட்டும் விளையாடுகிறவருக்கு இந்த விவாதம் தேவையே இல்லை. அவற்றுக்கு 8 ஜிகாபைட் ஏராளம்.

வேகத்தை அளக்கும் எண்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். சராசரியாக நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி வினாடி. ஆனால் சராசரி என்பது வகுப்பின் சராசரி மதிப்பெண் போன்றது. யார் தோற்றார் என்று அது சொல்லாது. பெரும்பாலான படங்கள் 12 மில்லி வினாடியில் வந்து, அவ்வப்போது ஒன்று 80 மில்லி வினாடி எடுத்தால் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தடங்கல்தான். அதனால்தான் நல்ல விமர்சகர்கள் 'ஒரு விழுக்காட்டுக் குறைந்த வேகம்' என்று தனி எண் தருகிறார்கள். நினைவகம் போதாத கார்டுகளும் பழைய பிராசசர்களும் அகப்படுவது அங்கேதான். சராசரி மட்டும் போட்டிருக்கும் பட்டியலை நான் பொருட்படுத்துவதில்லை.

இடையில் கற்பனைப் படங்களைச் செருகும் தொழில்நுட்பம் வேறு வந்துவிட்டது. கார்டு உண்மையில் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஏஐ ஊகித்துச் சில படங்களைச் சேர்க்கிறது. திரையில் எண் கூடும். ஆனால் சுட்டியை அசைத்தால் கேம் பதில் சொல்லும் வேகம் கூடாது. 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090இன் திறனைத் தரும் என்று மேடையில் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். செருகிய படங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது 5070 அதன் அருகில்கூட வரவில்லை. மே மாதம் 5060 வந்தபோது விமர்சகர்கள் பலருக்கு வெளியீட்டு நாளுக்கு முன் டிரைவர் கொடுக்கப்படவில்லை. சோதனை முடிவுகள் வருவதற்கு முன்பே கார்டு கடைக்கு வந்துவிட்டது. அவசரப்பட்டு முதல் வாரத்தில் எதையும் வாங்கவேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

மலிவு வரிசை ஏன் மெலிந்தது?

2016இல் 139 டாலருக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிடைத்தது. 2019இல் 149 டாலருக்கு ஜிடிஎக்ஸ் 1650. இப்போதைய 50 வரிசையில் என்விடியாவின் மிக மலிவான மேசைக்கணினிக் கார்டு 249 டாலர் ஆர்டிஎக்ஸ் 5050. விலைவாசி ஏற்றம் மட்டும் இதற்குக் காரணமல்ல. என்விடியாவின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் ஏறக்குறைய 2,690 கோடி டாலர். அதில் கேமிங் 1,246 கோடி, அதாவது 46 விழுக்காடு. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்தம் 13,050 கோடி. கேமிங் 1,135 கோடிதான். ஒன்பது விழுக்காடுகூட இல்லை. தரவு மையங்களுக்கு விற்றது மட்டும் 11,520 கோடி. ஒரே தைவான் தொழிற்சாலையில் சில்லு செய்ய இடம் பிடிக்க வேண்டியிருக்கும்போது, ஏஐ நிறுவனங்களுக்குப் பல்லாயிரம் டாலருக்கு விற்கும் சில்லை விட்டுவிட்டு மாணவருக்கு நூற்றைம்பது டாலர் கார்டு செய்ய எந்த நிறுவனம் முன்வரும்?

நினைவகத்திலும் அதே கதை. 2025 இறுதியில் ரேம் விலை வேகமாக ஏறியது. சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் ஏஐ தரவு மையங்களுக்கான நினைவகத்துக்கு முன்னுரிமை தருகின்றன. டிசம்பரில் மைக்ரோன், பொதுமக்களுக்கு விற்கும் தன் குரூசியல் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டின் விலையில் நினைவகமும் ஒரு பங்கு. காத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய அறிவுரையை இப்போது நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இவை எங்கோ தொலைதூரத்து விவகாரங்கள் அல்ல. பண்டார் பாருவின் அண்டை மாவட்டம் கூலிம். அங்குள்ள உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் தொடங்கப்பட்டது. சில்லுகளைத் தாங்கும் அடித்தட்டு செய்யும் ஆஸ்திரிய நிறுவனமான ஏடி அண்ட் எஸ், 2024இல் அங்கே ஆலை திறந்தது; ஏஎம்டி அதன் வாடிக்கையாளர். பாலத்தைக் கடந்தால் பாயான் லெப்பாஸ். இன்டெல், ஏஎம்டி இரண்டுமே 1972இல் அங்கு வந்தவை. கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக், கிரியான் ஆற்றுக்கு அப்பால் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் என்று படிக்கும் இடங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. தடம், நினைவகப் பாதை, வாட் என்று நாம் மேலே பேசியவை அந்த ஆலைகளில் வேலைக்குப் போகிறவர் அன்றாடம் கையாளும் சொற்கள். கார்டு வாங்குவதற்காக அவற்றைப் படித்த மாணவருக்கு அந்தப் படிப்பு வீணாகாது.

சரி, படிப்புக்கு எது தேவை? பிளெண்டரில் முப்பரிமாண வேலை, அனிமேஷன் என்றால் என்விடியா கார்டு மற்றவற்றைவிட வேகமாக முடிக்கும். அந்த மென்பொருள் என்விடியாவின் வசதிகளை நன்கு பயன்படுத்துகிறது. காணொளித் தொகுப்புக்கு இன்டெல் கார்டும் நல்லதே. நிரலாக்கம், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி போன்ற துறைகளுக்குத் தனிக் கார்டே வேண்டாம். அந்தப் பணத்தில் ரேமும் எஸ்எஸ்டியும் வாங்கினால் கணினி உண்மையிலேயே வேகமாகும். இயந்திரக் கற்றல் படிக்கிறவர்கள் முதலில் கூகல் கோலாப்பின் இலவசச் சேவையைப் பயன்படுத்திப் பார்க்கலாம். இடம் இருக்கும்போது 16 ஜிகாபைட் நினைவகமுள்ள என்விடியா டி4 கார்டைத் தூரத்திலிருந்தே தருகிறார்கள். தோட்டத்தில் இணைய இணைப்பு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சில இடங்களில் பெரிய விஷயம் என்பதும் தெரியும்.

புதிதாகக் கணினி கட்ட நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஏஎம்டியின் ரைசன் 7 8700ஜி போன்ற பிராசசர்களில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வேகம் பழைய ஜிடிஎக்ஸ் 1650ஐ நெருங்கும். ஒரே ரேம் பலகையைப் போடாமல் இரண்டாகப் போட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒன்று போட்டால் பாதை பாதியாகும்.

பயன்படுத்திய கார்டு பலருக்குச் சரியான தேர்வு. 2021இல் 329 டாலருக்கு வந்த ஆர்எக்ஸ் 6600, 8 ஜிகாபைட் நினைவகத்தோடு 132 வாட்டில் ஓடுவது, பழையதாகக் கிடைத்தால் இன்றும் நல்ல கார்டு. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி எதீரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்டு சுரங்க முறையைக் கைவிட்டது. அதன்பின் சுரங்கத்தில் உழைத்த கார்டுகள் பெருவாரியாகச் சந்தைக்கு வந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. விசிறி தேய்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும். கோம்தாரிலோ பாரிட் புந்தாரிலோ ஒரு கடையில் வாங்கினால், கார்டை அங்கேயே ஒரு கணினியில் போட்டு இருபது நிமிடம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் கணிப்பு மையங்களின் எண்ணிக்கை தெரியும். பழைய என்விடியா சில்லுக்குப் புதுப்பெயர் ஒட்டிய போலிக் கார்டுகளையும் அது காட்டிக்கொடுக்கும். கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உள்நாட்டு வியாபாரி விளம்பரப்படுத்தியது ஒன்று, அனுப்பியது வேறு என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம். விற்பனையாளர் ஷென்சென் நகரில் உட்கார்ந்திருந்தால் அந்த மன்றத்தின் உத்தரவு அவரை எட்டுவது கடினம். நூறு வெள்ளி மலிவு என்று அங்கே வாங்குவதற்கு முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.